அண்ணன் பங்கு

ஜூலை 6

தம்பி பெண்டாட்டிக்கு,

நான் அனுப்பிய டப்பா போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டது. மேலே ஒட்டிய டேப்பைக்கூட நீ பிரிக்கவில்லை. கூரியர்காரர் "அந்த வீட்ல ஆள் இல்லையாம்மா?" என்று கேட்டார். "ஆள் இருக்காங்க, மனசுதான் இல்ல" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையெழுத்து வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

உள்ளே இருந்தது விஷம் இல்லை, ஓட்ஸ் பிஸ்கட். என் தம்பிக்குப் பல் முளைத்ததிலிருந்து நான் செய்து கொடுத்த பிஸ்கட். அவன்தான் போய்விட்டான், அவன் பெண்ணாவது தின்னட்டுமே என்று அனுப்பினேன். என் மேல் கோபம் என்றால் அதை என்னிடம் காட்டு. ஐந்து வயதுப் பொடிசின் வாய்க்குப் போவதை எதற்குப் பிடுங்குகிறாய்?

நீயே செய்து கொடுத்துக்கொள்வாய் என்றால் அதுவும் சரி. ஆனால் உனக்குப் பக்குவம் தெரியாது, கேட்டுக்கொள். ஓட்ஸை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். அதோடு மைதா, பட்டைத்தூள், சோடா மாவு, கொஞ்சம் உப்பு. உருக்கி ஆறவைத்த வெண்ணெயும் முட்டையும் விட்டுப் பிசைந்து மூடி வைத்துவிட வேண்டும். சர்க்கரை கடைசியில்தான், ஓவன் சூடேறிய பிறகு. உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் பச்சை மாவையே திருடித் தின்கிற கூட்டம் இருந்தது. இனிக்காத மாவை எந்தத் திருடன் தொடுவான்? தம்பிக்கும் அப்படித்தான் கை பழகியது.

முக்கியமானது, திராட்சை கிடையாது. என் தம்பிக்குக் காய்ந்த திராட்சை ஆகவே ஆகாது. சின்ன வயதில் ஒவ்வொன்றாக நோண்டித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவான். பார்த்துப் பார்த்து நான் போடுவதையே விட்டுவிட்டேன்.

அதனால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உன்னைக் கேட்டேன். "திராட்சையே தொடாதவன் திராட்சை வாங்க எதுக்குடி கடைக்குப் போனான்? உன் நாக்குக்காகத்தானே அனுப்பினே?" ஊரிலிருந்து வந்திருந்த உன் அண்ணன், தம்பியோடு லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிறவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் நிற்கும்போது கேட்டேன். சத்தம் அதிகம்தான். ஆனால் கேள்வி தப்பா? இன்றுவரை நீ வாயே திறக்கவில்லை. போனையும் எடுப்பதில்லை. போனில் பேசினால் மறுபடியும் கத்துவேன் என்று எனக்கே தெரிவதால் எழுதுகிறேன். பதில் போடு.

அவனுடைய அக்கா

*

ஜூலை 17

அண்ணிக்கு,

டப்பாவைத் திருப்பி அனுப்பியது நான்தான். அப்போது பொடிசு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். டேப் ஒட்டியிருந்தும் பட்டை வாசம் வெளியே வந்தது. அந்த வாசம் இப்போது என் வீட்டுக்குள் வரக்கூடாது. உங்களை அவமானப்படுத்த அனுப்பவில்லை.

கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

அவர் ஓட்ஸ் பிஸ்கட் செய்வது வருஷத்தில் ஒரே ஒரு நாள், மார்ச் ஒன்பதாம் தேதி. கல்யாணமான வருஷத்திலிருந்தே அப்படித்தான். "அதென்ன இன்னிக்கு மட்டும்?" என்று கேட்டால் "சும்மா, ஒரு பழக்கம்" என்பார். நானும் தோண்டிக் கேட்டதில்லை. திராட்சை போட்டுத்தான் செய்வார். மாவு தெரியாத அளவுக்குப் போடுவார். நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும்.

இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை. மாவு பிசைந்து முடித்துவிட்டு அலமாரியைத் திறந்தார். திராட்சை டப்பா காலி. பொடிசு எடுத்தெடுத்துத் தின்று தீர்த்திருந்தாள். "இல்லாமலே பண்ணுங்களேன்" என்று நான் சொன்னேன். "இன்னிக்கு அது இல்லாம ஆகாது. மூடி வை, இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார். தெருமுனைக் கடைதான். தண்ணீர் கேன் வேன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான் அனுப்பவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. டப்பா காலியானது எனக்கு முந்தின வாரமே தெரியும். வாங்கி வைத்திருக்கலாம். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்கள் கண்ணுக்கு லென்ஸ் தேய்க்கிறேன், என் அலமாரியில் என்ன இல்லை என்று பார்க்கவில்லை. நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாரும் போன பிறகு சமையலறையில் பார்த்தேன். மூடிய கிண்ணம் மேடையிலேயே இருந்தது. சுடவும் மனம் வரவில்லை, கொட்டவும் கை வரவில்லை. பையில் போட்டுக் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இனி டப்பா அனுப்பாதீர்கள்.

*

ஜூலை 24

தம்பி பெண்டாட்டிக்கு,

உன் கடிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டு படித்ததில் ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்கவே பாதி நாள் போயிற்று.

நான் நம்பவில்லை. எப்படி நம்புவேன்? போன வருஷம்கூட இங்கே வந்து, என் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திராட்சை இல்லாத பிஸ்கட்டை ஒரு தட்டு காலி பண்ணினான். "இதுதான்க்கா பிஸ்கட், கடையில விக்கறதெல்லாம் அட்டை" என்றான். அப்படியானால் என்னிடம் நடித்தானா? இல்லை, உன்னிடம் நடித்தானா? இரண்டில் ஒன்று நடிப்பாகத்தானே இருக்க வேண்டும்? அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் நாக்கு எனக்குத் தெரியாதா?

அவன் அடிபட்டது அந்தத் தேதியில் என்று எனக்கும் தெரியும், ஆனால் வருஷாவருஷம் அதே தேதி என்று எதற்கு எழுதினாய்? உன்னிடம் யார் என்ன சொன்னார்கள்? மார்ச் ஒன்பதாம் தேதி நான் எந்த வருஷமும் கடை திறப்பதில்லை. அது என் சொந்த விஷயம், அதற்கும் பிஸ்கட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இருந்தால் அவன் என்னிடம் சொல்லியிருப்பான்.

அந்த மாவைத் தூக்கிப் போடு. செத்தவன் பிசைந்த மாவை ஐஸில் வைத்துக் காவல் காத்து என்ன ஆகப்போகிறது? அதைப் பார்த்துப் பார்த்து நீயும் உருப்படமாட்டாய், குழந்தையையும் அழவைப்பாய்.

அக்கா

பின்குறிப்பு: போட்டுவிடாதே. கோபத்தில் எழுதிவிட்டேன். கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம் என்றால் தபால் எடுக்க வந்துவிட்டார்கள். போடாதே.

*

அக்டோபர் 5

அண்ணிக்கு,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுத இரண்டு காரணம்.

முதலாவது, நாங்கள் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். என் அண்ணன் இருக்கும் ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கிருந்து ரயிலில் ஒரு நாள் பயணம். மாதக் கடைசியில் கிளம்புகிறோம். இந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் வீட்டுக்காரருடையது. அதைத் துடைத்துக் காலியாக ஒப்படைக்க வேண்டும். மாவை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. நீங்கள் சொன்ன மாதிரி தூக்கிப் போடுவதாக இருந்தால் இனி போட்டாக வேண்டும். தினமும் ஃப்ரீசரைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

இரண்டாவது காரணத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்க உங்களைத் தவிர யாரும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பொடிசின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவளுக்கு ஒரு அண்ணன் இருக்கானா?" என்று கேட்டார். இல்லை, ஒரே பெண்தான் என்றேன். சாப்பாட்டு வேளையில் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் திராட்சையைப் பார்த்துவிட்டு இவள் "எனக்கு அண்ணன் பங்கு தா" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குக் காய்ந்த திராட்சைக்குப் பெயரே அதுதான். கடையில் பாக்கெட்டைக் காட்டினாலும் "அண்ணன் பங்கு" என்பாள்.

அவர் சொல்லிக்கொடுத்ததுதான் அது. அந்த ஒரு நாள் பிஸ்கட் ஆறியதும், தன் தட்டிலிருக்கிற பிஸ்கட்டிலிருந்து திராட்சையை ஒவ்வொன்றாக நோண்டுவார். ஒன்றுகூடத் தான் தின்னமாட்டார். மொத்தத்தையும் அவள் கையில் கொட்டி, "இந்தா, இது அண்ணன் பங்கு" என்பார். "அப்பா பங்குன்னு சொல்லுங்க, அதென்ன அண்ணன்?" என்று நான் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே ஓட்டை விழுந்த பிஸ்கட்டைக் கடிப்பார்.

டீச்சர் கேட்டதிலிருந்து என் புத்தி எங்கெங்கோ போகிறது. எனக்கு முன்னால் அவருக்கு ஒரு குடும்பம் இருந்ததா? எனக்குத் தெரியாமல் ஒரு மகன் எங்கேயாவது வளர்கிறானா? அந்தத் தேதி அவன் பிறந்தநாளா? நீங்கள் அந்தத் தேதியைப் பார்த்து அப்படிப் பதறியதும் அதனால்தானா? இருந்தால் சொல்லிவிடுங்கள். செத்தவரிடம் சண்டை போட முடியாது. ஆனால் தெரியாமல் இப்படி இருக்கவும் என்னால் முடியவில்லை.

*

அக்டோபர் 9

அம்மாடி,

உன் கடிதத்தில் "அண்ணன் பங்கு" என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரை நாளைக்கு வரச்சொல்லிவிட்டுக் கடையை இழுத்து மூடினேன். மீதியை வெட்டுத்துணிக் குவியல் மேல் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் உன் சந்தேகம் தீரட்டும். அவனுக்கு வேறு குடும்பமும் இல்லை, மகனும் இல்லை. ரிப்பேருக்குப் போன வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவன் இன்னொரு குடும்பம் நடத்துவானா? அந்த அண்ணன் அவனேதான்.

எங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள். நான் மூத்தவள், அவன் நடு, அவள் கடைக்குட்டி. இனிப்பு எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்வாள், அதனால் கட்டெறும்பு என்று கூப்பிடுவோம். மாவு திருடுகிற கூட்டம் என்று எழுதினேனே, கூட்டமே அவள்தான். அவளுக்காகத்தான் சர்க்கரையைக் கடைசியில் போட ஆரம்பித்தேன். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். மார்ச் ஒன்பது அவள் பிறந்தநாள்.

அவள் பெயரை எடுத்தால் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விடுவார். அதனால் எடுக்கமாட்டோம். அப்பாவும் போன பிறகு எடுத்திருக்கலாம். அதற்குள் வாய் மறந்துவிட்டது. தம்பி உன்னிடம் சொல்லாததற்கு வேறு காரணம் இருக்காது. என்னிடமே பேசாதவன் உன்னிடம் எப்படிப் பேசுவான்?

இப்போது திராட்சைக்கு வருகிறேன். துவைக்கும்போது அவள் சட்டைப் பையில் திராட்சை ஒட்டிக்கொண்டு கிடக்கும். டப்பாவிலிருந்து திருடுகிறாள் என்று நினைத்து நன்றாகத் திட்டுவேன். காட்டிக்கொடுக்கவே மாட்டாள், முழி முழி என்று முழிப்பாள். அவன் தட்டில் ஒதுக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது, அம்மாடி. அவன் திராட்சை பிடிக்காமல் ஒதுக்கவில்லை.

அவள் போன பிறகு முதல் தடவை பிஸ்கட் செய்தேன். வழக்கம்போல நோண்டி எடுத்து ஓரத்தில் வைத்தான். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஒன்றும் தின்னாமல் எழுந்து போனான். எனக்கு அப்போது பதினாறு வயது. "புடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே, இனிமே போட மாட்டேன்" என்று கத்தினேன். அவன் சரி என்று தலையாட்டினான். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வீட்டு பிஸ்கட்டில் திராட்சை இல்லை. என் தம்பி நாக்கு எனக்குத் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எதுக்குடி கடைக்குப் போனான் என்று உன்னைக் கேட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணுக்காகப் போயிருக்கிறான். அதற்கு உன்னை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். என்னை மன்னித்துவிடு.

நீ ஊரைவிட்டுப் போகுமுன் பொடிசை ஒரு தடவை பார்க்க விடுவாயா? நீ கதவைத் திறக்காவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். மாவு இருக்கிறதா?

அண்ணி

*

அக்டோபர் 14

அண்ணி,

மாவு இருக்கிறது.

இன்னும் ஒருவர் எனக்கு நாத்தனாராக இருந்திருக்கிறார், அது தெரியாமல் இத்தனை வருஷம் அவர் பிறந்தநாள் பிஸ்கட்டைத் தின்றிருக்கிறேன். அதை நினைத்து அழுதேன். கொஞ்சம் கோபமும் வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் டப்பாவைக் காலியாக விட்டிருக்கமாட்டேன்.

மன்னிப்பைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. நீங்கள் கேட்டது எனக்கு மறந்தாலும், அன்று கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு மறக்கவில்லை. லிஃப்ட் கம்பெனியிலிருந்து பணத்துக்குக் கையெழுத்து வாங்க வந்தவர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் சனிக்கிழமை வாருங்கள். ஓவனைக் கடைசியாகத்தான் கட்டப்போகிறேன். திராட்சையை நீங்களே கொண்டுவாருங்கள். நான் அதை வாங்கக் கடைக்குள் போகமாட்டேன்.

*

நவம்பர் 9

அண்ணி,

வந்து சேர்ந்தோம். பொடிசுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. நீங்கள் தைத்துக் கொடுத்த கவுனைத்தான் முதல் நாள் போட்டுக்கொண்டு போனாள். அதில் பை இரண்டு வைத்திருக்கிறீர்களே, ஒன்று போதாதா என்று கேட்க நினைத்தேன், பிறகு கேட்கவில்லை.

என் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். நீங்கள் அவரைப் போனில் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல நான் பேசினது தப்பு, உங்க தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னீர்களாம். அவரை மட்டுமா என்று விசாரித்தேன். அன்றைக்கு அங்கே நின்ற ஒவ்வொருவரையும் நம்பர் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். பழைய பக்கத்து வீட்டு அக்காவிடம் நேரிலேயே போய்ச் சொன்னீர்களாம். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா, இல்லை சொன்னால் நான் அழுவேன் என்று நினைத்தீர்களா?

இன்னொன்று மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நீங்கள் மாவில் திராட்சையைக் கொட்டிப் பிசையும்போது, விரலில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தீர்கள். அப்புறம் சர்க்கரை டப்பா பக்கம் கை போனது, பாதியில் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "என்ன அண்ணி?" என்றதற்கு "ஒண்ணுமில்ல, கண்ணுல மாவு" என்றீர்கள். மாவு கண்ணுக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிஸ்கட் நன்றாக இல்லை, இல்லையா? நாம் இருவரும் சொல்லாமலே தின்றோம். கொஞ்சம்கூட இனிப்பு இல்லை. பொடிசுதான் சாமர்த்தியமாக நோண்டி நோண்டி, "அம்மா, அண்ணன் பங்கு மட்டும்தான் இனிக்குது" என்றாள். உங்கள் கையிலும் கொஞ்சம் வைத்து மூடினாள். ஐஸில் இத்தனை மாதம் கிடந்தால் இனிப்பு போய்விடுமா? நான் சரியாகக் கட்டி வைக்கவில்லையா? அவர் கடைசியாகச் செய்ததை நான் கெடுத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

*

நவம்பர் 15

அம்மாடி,

இரண்டு பை எதற்கென்று உனக்கே தெரியும். துவைக்கும்போது ஒட்டிக்கொண்டு கிடந்தால் திட்டாதே.

போன் விஷயத்தைப் பெரிதாக எழுதாதே. எல்லார் முன்னாலும் கத்தினேன், எல்லாரிடமும்தானே போய்ச் சொல்ல வேண்டும். லிஃப்ட் கம்பெனிக்காரர்தான் லேசில் விடவில்லை, அரை மணி நேரம் தம்பியைப் பற்றியே பேசினார். அவன் வேலை செய்த லிஃப்ட்டுகளில் கதவு சத்தமே வராதாம்.

மார்ச் ஒன்பதாம் தேதிக்கு நான் அங்கே வருகிறேன். இனி அன்றைக்குக் கடையை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்க மாட்டேன். நீ திராட்சை டப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே, எல்லாம் நானே கொண்டுவருகிறேன். பொடிசுக்கு அவளுடைய சின்ன அத்தையின் பெயரையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிப் பழக இன்னும் நாள் இருக்கிறது. இப்போது பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், பாதிப் பெயரிலேயே குழாயை வேகமாகத் திறந்துவிடுகிறேன்.

இனிப்பு ஐஸில் போகாது. நீ ஒன்றையும் கெடுக்கவில்லை. நன்றாகத்தான் கட்டி வைத்திருந்தாய். அந்த மாவில் சர்க்கரையே இல்லை. விரலில் எடுத்து வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த மாதிரியே மற்றதெல்லாம் பிசைந்து, மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கடையிலிருந்து வந்து, ஓவனைப் பற்றவைத்து, திராட்சையையும் சர்க்கரையையும் சேர்த்துப் போடலாம் என்று.

சர்க்கரை டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போட்டிருந்தால் பிஸ்கட் நன்றாக வந்திருக்கும். குழந்தையும் நோண்டாமல் தின்றிருக்கும். கை போனது, ஆனால் முடியவில்லை. திரும்பி வந்து போடுகிறேன் என்று அவன் வைத்துவிட்டுப் போனதில் நான் எப்படியம்மா போடுவேன்?

உன் அண்ணி